பழைய கார் நடுவழியில் இழுவையை இழந்தால்: கேள்வி பதில்

கார்புரேட்டரும் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகம்) பாயிண்டும் (பொறிக்கான மின்சாரத்தை வெட்டி வெட்டி விடும் சிறு சுவிட்ச்) உள்ள பழைய பெட்ரோல் கார்களைப் பற்றி மட்டும் கேளுங்கள். கம்ப்யூட்டர் வைத்த வண்டிகளிடம் என் காதும் மூக்கும் எடுபடாது. வண்டி எப்படி நின்றது என்பதை முதலில் எழுதுங்கள். எதையெல்லாம் மாற்றினீர்கள் என்பது பிறகு.

கேள்வி: ஐயா, என்னுடையது 1960களில் வந்த நான்கு சிலிண்டர் கார். இருபது நிமிடம் நன்றாக ஓடுகிறது. பிறகு இழுவை குறைந்து நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்புகிறது. கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிச் சுத்தம் செய்துவிட்டேன்.

மூன்றாம் முறை கழற்ற வேண்டாம், பாவம். ஓய்வெடுத்தால் தீரும் நோய் என்றால் என் சந்தேகம் மூன்று இடங்களில் விழும்.

ஒன்று, பெட்ரோல் டேங்க் மூடி. பல கார்களில் காற்று உள்ளே போவதற்கு மூடியிலேயே சிறு துளை இருக்கும். அது அடைத்துக்கொண்டால், பெட்ரோல் குறையக் குறைய டேங்கிற்குள் வெற்றிடம் உண்டாகும். பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வராது. வண்டி நின்றவுடன் மூடியைத் திறங்கள். ‘புஸ்’ என்று காற்று உள்ளே போய், வண்டியும் கிளம்பினால் வேலை முடிந்தது.

இரண்டு, டேங்கின் அடியில் சேர்ந்த துரு. பெட்ரோல் இழுக்கும் குழாயின் வாயில் அது போய் அப்பிக்கொள்ளும். எஞ்சின் நின்றால் உதிர்ந்துவிடும்.

மூன்று, சூடேறியதும் படுத்துவிடும் காயில் (பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் சுருள்) அல்லது கண்டென்சர் (பாயிண்ட் கருகாமல் காக்கும் சிறு மின்பாகம்).

இவற்றுள் எது என்பதை நின்ற அந்த நிமிடத்திலேயே பார்க்க வேண்டும். ஆறவிட்டுச் சோதித்தால் எல்லாமே நல்ல பிள்ளையாக நடிக்கும். சிலிண்டருக்குள் பொறி விடும் பிளக்கில் பழையது ஒன்றை வண்டியிலேயே வைத்திருங்கள். பிளக் வயரை அதில் மாட்டி, அதன் உடலை எஞ்சின் இரும்பில் படவைத்து, இன்னொருவரை ஸ்டார்ட்டரைச் சுழற்றச் சொல்லுங்கள். கொழுத்த நீலப் பொறி வந்தால் பெட்ரோல் பக்கம் போங்கள். மெலிந்த மஞ்சள் பொறி வந்தாலோ எதுவும் வராவிட்டாலோ மின்சாரப் பக்கம். பெட்ரோல் கசிவோ வாடையோ இருக்கும் இடத்தில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

கேள்வி: ஓடிக்கொண்டிருக்கும்போதே கண்டுபிடிக்க முடியாதா?

பெரும்பாலும் முடியும். பெட்ரோல் போதாத எஞ்சின் திணறும், இருமும், கொஞ்சம் இழுக்கும், மறுபடி கைவிடும். மின்சாரம் போனால் சுவிட்சை அணைத்ததுபோல் இருக்கும். காயிலோடு இணைந்த டாக்கோமீட்டர் (எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் மீட்டர்) இருந்தால் முள்ளைக் கவனியுங்கள்: கியரில் வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே அது சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால், காயிலுக்கு மின்சாரம் வரும் வயர், பாயிண்ட் ஆகியவற்றில் எங்கோ தொடர்பு அறுகிறது.

கையால் இழுக்கும் சோக் (காற்றைக் குறைத்துப் பெட்ரோல் கலவையைக் கெட்டியாக்கும் அமைப்பு) உள்ளவர்களுக்கு இன்னொரு வழி. இழுவை குறையும்போது சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். வண்டி தேறினால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். இதற்கு ஒரு ஸ்பேனர்கூட எடுக்க வேண்டியதில்லை.

கேள்வி: ஐட்லிங் அருமையாக இருக்கிறது. ஆக்சிலேட்டரை அழுத்தினால் வெட்டி வெட்டி நிற்கிறது. ஆக்சிலரேட்டர் பம்ப் என்கிறார்கள்.

ஆக்சிலேட்டரை அழுத்தும்போது கூடுதல் பெட்ரோலைப் பீய்ச்சுவது அந்தப் பம்ப். கார்புரேட்டருக்குள் எட்டிப் பார்த்து, எஞ்சினை அணைத்த நிலையில் திராட்டிலை (ஆக்சிலேட்டரோடு திறக்கும் தகடு) திறங்கள். பெட்ரோல் பீய்ச்சி அடித்தால் அந்தப் பம்ப் நிரபராதி. பிறகு, பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றுங்கள்.

பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டை வேக்குவம் அட்வான்ஸ் (எஞ்சினின் உறிஞ்சலால் பொறி வரும் நேரத்தை மாற்றும் அமைப்பு) இழுத்து இழுத்து விடுகிறது. அந்தத் தட்டுக்குப் போகும் சிறிய வயரும் கூடவே ஆடுகிறது. பல ஆண்டு ஆடி, மேலுறை முழுசாக இருக்க உள்ளே செம்பு அறுந்துபோகும். தட்டு அசையாதபோது முனைகள் ஒட்டியிருக்கும். ஆக்சிலேட்டரை அழுத்தியதும் பிரிந்துவிடும். கண்ணால் பார்த்தால் தெரியாது. வயரை மெதுவாக இழுத்துப் பாருங்கள், ரப்பர்போல் நீண்டால் அகப்பட்டுக்கொண்டது. நான் இதைக் கண்டுபிடிக்க ஒருமுறை மூன்று வாரம் அலைந்தேன். அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை.

அப்படியே வேக்குவம் குழாயை வாயால் உறிஞ்சிப் பாருங்கள். தட்டு நகர்ந்து, உறிஞ்சியதை விடாமல் பிடித்திருக்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் உள்ளிருக்கும் டயாபிரம் என்ற மெல்லிய சவ்வு கிழிந்திருக்கிறது.

கேள்வி: வெயிலில், நெரிசலில் மட்டும் நின்றுவிடுகிறது. பெட்ரோல் குழாயில் துணி மாட்டும் மரக் கிளிப்புகளை மாட்டினால் சரியாகும் என்கிறார்களே?

கிளிப்புகள் அழகாக இருக்கும். நான் அவற்றை நம்புவதில்லை.

பெட்ரோலின் இலகுவான பகுதிகள் 40 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். டேங்கிலிருந்து பம்ப் வரை உள்ள குழாயில் அழுத்தம் குறைவு என்பதால் அங்கே இன்னும் சீக்கிரம் ஆவியாகும். பம்ப் ஆவியை இழுத்துக்கொண்டிருக்கும், பெட்ரோல் வராது. குழாயை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து (எஞ்சின் புகை வெளியேறும் சூடான இரும்புக் குழாய்) விலக்குங்கள், இடையில் வெப்பத் தடுப்புத் தகடு வையுங்கள்.

ஆனால் அதற்கு முன் ரப்பர் குழாய்களைப் பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைக் கெடுக்கிறது. பம்புக்கு முன்னால் உள்ள குழாயில் சிறு வெடிப்பு விழுந்தால், ஓடும்போது பெட்ரோல் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். சொட்டு இல்லாததால் யாரும் அதைச் சந்தேகிப்பதே இல்லை.

கேள்வி: புதுப் பாயிண்ட், புதுக் கண்டென்சர், புது ரோட்டார் எல்லாம் போட்ட பிறகுதான் இந்தத் தொல்லையே ஆரம்பித்தது!

புதியது என்பதற்காக எதையும் நம்பாதீர்கள். பழைய கண்டென்சரைத் திரும்ப மாட்டிப் பாருங்கள். பாயிண்டின் இடைவெளி பல கார்களில் 0.4 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும்; உங்கள் காரின் கையேட்டைப் பாருங்கள். பாயிண்டைத் திறந்து மூடும் சுழல்முனையான கேம் மேல் உரசும் பாகத்துக்குத் துளி கிரீஸ் வைக்காவிட்டால் அது சீக்கிரம் தேய்ந்து இடைவெளி மூடிக்கொள்ளும். இடைவெளி மூட மூட இக்னிஷன் டைமிங்கும் (பொறி வரும் நேரம்) பின்தங்கும், இழுவையும் போகும்.

கேள்வி: நியூட்ரலில் எஞ்சின் நன்றாகச் சீறுகிறது. கியரில் போட்டால் நகர மறுக்கிறது.

எஞ்சினை விடுங்கள். நான்கு சக்கரங்களின் நடுப்பகுதிக்கு அருகே கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அனல் வீசினால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. எஞ்சின் வேகம் ஏறியும் வண்டியின் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது.

கேள்வி: இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்கள் வேலை செய்யவில்லை. பிளக், வயர் மாற்றியாயிற்று.

பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்களா? கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பாருங்கள். இரண்டும் சேர்ந்து தாழ்ந்திருந்தால், நடுவே ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர்களை மூடும் ஹெட்டுக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது.

கேள்வி: ஐயா, முதல் கேள்வி கேட்டவன்தான். இன்று நின்றபோது மூடியைத் திறந்தேன், சத்தமே இல்லை. பிளக்கில் பொறி மஞ்சளாக, நூல்போல் வந்தது. காயிலைத் தொட முடியவில்லை, சுடுகிறது. போன மாதம்தான் புதிதாகப் போட்டேன்.

வெகு நன்று. பாதி வேலை முடிந்தது. ஓடும் வண்டியில் காயில் சுடுவது இயல்புதான், அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆறிய பிறகு வயர்களைக் கழற்றிவிட்டு, இரண்டு சிறு முனைகளுக்கிடையே மீட்டரால் அளந்து பாருங்கள். 12 வோல்ட் காரில் 3 ஓம் அளவு வந்தால் காயில் பொருத்தமானது. அப்போது கண்டென்சரை மாற்றிப் பாருங்கள். 1.5 ஓம் அளவு வந்தால், அது தனி ரெசிஸ்டரோடு சேர்த்துப் போட வேண்டிய காயில். உங்கள் காரில் அந்த ரெசிஸ்டர் இருக்கிறதா? இல்லையென்றால் தேவையைப்போல் இரண்டு மடங்கு மின்சாரம் ஓடி, காயிலையும் வேகவைத்து, பாயிண்டையும் கருக்கிக்கொண்டிருக்கும். பாயிண்ட் முகத்தையும் பார்த்துவிட்டு, அளவோடு மறுபடி எழுதுங்கள்.