மென்பொருளுக்குக் காப்புரிமை கொடுக்காவிட்டால் புதிதாக எதையாவது கண்டுபிடிக்க யார் மெனக்கெடுவார்கள்?

கேள்வி கேட்டவர் கூடவே இன்னொரு வரியும் சேர்த்திருக்கிறார்: "திறமூலம் என்பது அடுத்தவன் மூளையை ஓசியில் நகலெடுப்பதுதானே?" திறமூலம் என்றால், நிரலின் மூல வரிகளை யாரும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்று திறந்துவிடுவது. இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. விண்டோஸ் மாதிரி கணினியை இயக்கும் திறமூல மென்பொருளான லினக்ஸை இருபது வருடத்துக்கும் மேலாகப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராமர். என் மனசு எந்தப் பக்கம் சாயும் என்பதை இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

2003. கல்லூரி விடுதி. கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து முதல்முறையாக லினக்ஸ் போட்டேன். பார்ட்டிஷன் பிரிக்கத் தெரியாமல் அறைத்தோழனின் படங்களை எல்லாம் அழித்தது தனிக்கதை. ஒருவழியாக முடித்துவிட்டு, ரிச்சி தெருவில் வாங்கிய, நூற்றைம்பது இளையராஜா பாட்டு அடங்கிய எம்பி3 சிடியைப் போட்டால் சத்தமே இல்லை. சவுண்ட் கார்டுதான் கோளாறு என்று இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். கடைசியில் ஒரு சீனியர் வந்து சொன்னார்: எம்பி3-ஐ விரித்துப் பாடவைக்கும் நிரலை வேண்டுமென்றே எடுத்துவிட்டுத்தான் அந்த லினக்ஸை வெளியிட்டிருக்கிறார்கள். காரணம், காப்புரிமை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த சிடியே திருட்டு சிடி. ஆனால் அது பதிப்புரிமைக் கணக்கு. அந்தக் குற்றம் என்னுடையது. லினக்ஸ்காரர்கள் யாருடைய நிரலையும் திருடவில்லை. சொந்தமாக உட்கார்ந்து எழுதிய நிரலைத்தான் பயந்து எடுத்தார்கள். பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் இதுதான். பதிப்புரிமை, நான் எழுதிய வரிகளை நீங்கள் நகலெடுக்காமல் தடுக்கும். காப்புரிமை, என் நிரலை நீங்கள் கண்ணால்கூடப் பார்க்காமல், கதவைச் சாத்திக்கொண்டு சொந்தமாக யோசித்து அதே வழியைக் கண்டுபிடித்தாலும் உங்களைத் தடுக்கும். ஆக, "ஓசியில் நகலெடுப்பது" என்ற குற்றச்சாட்டுக்கு மருந்து ஏற்கெனவே பதிப்புரிமையில் இருக்கிறது. காப்புரிமை வேறு விஷயம்.

காப்புரிமை என்ற ஏற்பாட்டையே நான் கெட்டது என்று சொல்ல மாட்டேன். எங்கள் ஊர்ப் பக்கம் மஞ்சள் காமாலைக்கு ஒரு வைத்தியர் மருந்து கொடுப்பார். என்ன பச்சிலை என்று கேட்டால், வெளியே சொன்னால் பலிக்காது என்பார். அவர் போனார், மருந்தும் கூடவே போயிற்று. அவர் மகனுக்கே தெரியாது. இந்த மாதிரி நடக்கக் கூடாது என்பதற்குத்தான் காப்புரிமை. 'உன் ரகசியத்தை எல்லோருக்கும் விளங்கும்படி எழுதிக் கொடு, அதற்குப் பதிலாக இருபது வருடம் நீ மட்டும் சம்பாதித்துக்கொள்' என்று ஊர் கண்டுபிடிப்பாளனோடு போட்டுக்கொள்ளும் ஒப்பந்தம் அது. மருந்திலும் இயந்திரத்திலும் இந்த ஒப்பந்தத்துக்கு ஓரளவு அர்த்தம் இருக்கிறது.

மென்பொருளில் நம் பங்கு நமக்கு வருவதே இல்லை என்பதுதான் என் வழக்கு. காப்புரிமை ஆவணத்தைப் படித்து நிரல் எழுதக் கற்றுக்கொண்ட ஒரு ஆளைக்கூட நான் சந்தித்ததில்லை. ஒன்றிரண்டைப் படித்துப் பார்த்திருக்கிறேன். பத்திரப் பதிவு அலுவலகத் தமிழை விட மோசம். அதைவிடக் கூத்து, அமெரிக்காவில் தெரிந்தே மீறினால் இழப்பீட்டை மூன்று மடங்கு வரை உயர்த்த முடியும் என்பதால், 'காப்புரிமைகளைப் படிக்காதே' என்று நிறுவன வக்கீல்களே புரோகிராமர்களுக்குச் சொல்லிவைப்பது உண்டு. எல்லோரும் படிக்கட்டும் என்று எழுதிவாங்கிய ஆவணம், படித்தால் ஆபத்து என்ற நிலைக்கு வந்துவிட்டது.

கிஃப் படங்களின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் என் வாதம் மொத்தமும் அதற்குள் இருக்கிறது.

1977, 1978-ல் லெம்பெல், ஜிவ் என்ற இரண்டு இஸ்ரேலிய ஆய்வாளர்கள் தரவைச் சுருக்கும் வழிகளை வெளியிட்டார்கள். ஸ்பெர்ரி நிறுவனத்தில் இருந்த டெர்ரி வெல்ச் அதை மெருகேற்றி 1984-ல் ஒரு கணினி இதழில் கட்டுரையாக எழுதினார். மூன்று பேரின் முதலெழுத்தையும் சேர்த்து எல்இசட்டபிள்யூ என்று பெயர். யோசனை அழகானது. ஒரு நீண்ட கடிதத்தில் 'இராமநாதபுரம் மாவட்டம்' திரும்பத் திரும்ப வந்தால் இரண்டாம் முறை முதல் 'இ.மா.' என்று சுருக்கி எழுதுவோம் இல்லையா, அதுதான். ஆனால் எந்தச் சுருக்கத்துக்கு என்ன அர்த்தம் என்ற பட்டியலைத் தனியாக அனுப்ப வேண்டியதே இல்லை. படிப்பவர் படித்துக்கொண்டே போகும்போது அதே பட்டியல் அவர் பக்கமும் தானாக உருவாகிவிடும். கட்டுரையைப் படித்தவர்கள் சொக்கிப்போனார்கள். யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் கோப்பைச் சுருக்கும் 'கம்ப்ரெஸ்' நிரலில் போட்டார்கள். 1987-ல் காம்பியூசர்வ் நிறுவனம் கிஃப் பட வடிவத்தை இதன்மேல் கட்டியது.

கட்டுரையில் சொல்லப்படாத ஒன்று இருந்தது. 1983 ஜூன் 20-ஆம் தேதியே இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பம் போயிருந்தது. 1985-ல் அது கிடைத்தது, பிறகு ஸ்பெர்ரி யூனிசிஸ் ஆனது, கிஃப் உலகமெல்லாம் பரவியது. எல்லோரும் குடிவந்து அடுப்பு மூட்டிய பிறகு, 1994 டிசம்பர் கடைசி வாரத்தில் அறிவிப்பு வந்தது: கிஃப் கோப்பு உருவாக்கும் மென்பொருளுக்கு இனி உரிமக் கட்டணம்.

இன்னொரு கூத்தையும் கேளுங்கள். ஐபிஎம்மில் இருந்த இரண்டு பேர் இதே வழிமுறையைத் தனியாகக் கண்டுபிடித்து, 1983 ஜூன் 1-ஆம் தேதி விண்ணப்பித்திருந்தார்கள். பத்தொன்பது நாள்தான் வித்தியாசம். அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் இரண்டு பேருக்கும் கொடுத்துவிட்டது! ஒரே மாதத்தில் இரண்டு இடத்தில் தனித்தனியாக உதித்த ஒரு யோசனை, காப்புரிமை இல்லாவிட்டால் உலகத்துக்கு வந்தே இருக்காது என்று சொன்னால் எப்படி நம்புவது? யார் கையிலாவது சிக்கியே தீரும் அளவுக்கு அது பழுத்துவிட்டிருந்தது.

இங்கே எதிர்த்தரப்பு ஒரு நல்ல கேள்வி கேட்கும். அந்தத் தடையால்தானே பிஎன்ஜி பிறந்தது? உண்மைதான். அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே, 1995 ஜனவரி முதல் வாரத்தில், தாமஸ் புட்டெல் புதிய பட வடிவத்துக்கான முதல் வரைவை இணையத்தில் போட்டார். ஊர் கூடித் தேர் இழுத்தார்கள். 1996 அக்டோபரில் பிஎன்ஜி முறையான தரம் ஆகிவிட்டது. கிஃப்பில் 256 நிறம்தான், இதில் கோடிக்கணக்கில். அரைகுறையாக ஒளி ஊடுருவும் படங்களும் முடிந்தன. உள்ளே இருந்த சுருக்கும் முறை, இதே காப்புரிமைக்குப் பயந்து 'கம்ப்ரெஸ்'ஸுக்கு மாற்றாக 1992-ல் எழுதப்பட்ட ஜிஸிப் பயன்படுத்திய அதே முறை.

அப்படியானால் காப்புரிமை புதுமையை வளர்த்தது என்று சொல்லலாமா? சாலையை மறித்ததால் ஒற்றையடிப் பாதை உருவானது, அந்தப் பாதை நன்றாகவும் அமைந்தது. அதற்காக மறித்தவருக்கு மாலை போட என்னால் முடியாது. அந்தத் திறமைசாலிகள் அத்தனை மாதமும் செய்தது, ஏற்கெனவே தீர்ந்துபோன பிரச்சினைக்கு இரண்டாவது தீர்வு. அசையும் படத்தை பிஎன்ஜியில் சேர்க்காமல் விட்டதால், 2003 ஜூனில் அமெரிக்காவில் யூனிசிஸின் காப்புரிமை காலாவதியான பிறகும் கிஃப் சாகவில்லை. வடிவேலு முகபாவத்தை உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் அனுப்பும் சித்தப்பாவுக்கு இந்த வரலாறு எதுவும் தெரியாது.

கிஃப்பிலாவது ஒரு நல்ல யோசனை இருந்தது. மெமரி கார்டு கதையில் அதுவும் கிடையாது. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் கோப்புப் பெயர் எட்டு எழுத்துக்குள் அடங்க வேண்டும். விண்டோஸ் 95-ல் நீளமான பெயர் வைக்க முடிந்தது. பழைய நிரல்களும் குழம்பக் கூடாதே என்று, ஒரே கோப்புக்கு நீளப் பெயர் ஒன்று, முதல் ஆறு எழுத்தோடு அலைக்கோடும் எண்ணும் சேர்ந்த குட்டிப் பெயர் ஒன்று என இரண்டு வைத்தார்கள். வீட்டில் கூப்பிடும் பெயர், பள்ளிக்கூடப் பெயர் மாதிரி. இதற்குத்தான் மைக்ரோசாஃப்ட் காப்புரிமை வாங்கியிருந்தது. கேமரா, போன், ஜிபிஎஸ் கருவி எதுவானாலும் அதன் கார்டை விண்டோஸ் கணினியில் செருகினால் படிக்க வேண்டும். படிக்க வேண்டுமென்றால் இந்த ஏற்பாட்டைத்தான் பின்பற்ற வேண்டும். இதைவிடச் சிறந்த வழி உங்களிடம் இருந்தாலும் பிரயோசனமில்லை. இது சுங்கச்சாவடி. சுங்கச்சாவடியில் உங்கள் வண்டி எவ்வளவு நல்ல வண்டி என்று யாரும் கேட்பதில்லை.

2009 பிப்ரவரியில், ஜிபிஎஸ் கருவிகளில் லினக்ஸ் பயன்படுத்திய டாம்டாம் என்ற டச்சு நிறுவனத்தின்மேல் இதையும் சேர்த்து மைக்ரோசாஃப்ட் வழக்குப் போட்டது. அடுத்த மாதமே டாம்டாம் சமரசத்துக்கு வந்துவிட்டது. பிறகு காலம் மாறியது. 2018 அக்டோபரில் அதே மைக்ரோசாஃப்ட், லினக்ஸைக் காப்புரிமை வழக்குகளிலிருந்து காக்கும் ஓபன் இன்வென்ஷன் நெட்வொர்க்கில் சுமார் 60,000 காப்புரிமைகளோடு சேர்ந்தது. அடுத்த வருடம் எக்ஸ்ஃபேட் என்ற புதிய கார்டு வடிவத்தின் விவரத்தையும் வெளியிட்டு லினக்ஸில் சேர்க்கச் சொன்னது. மனமாற்றம் என்று சிலர் உருகினார்கள். இணையம் வழியாகக் கணினியை வாடகைக்கு விடும் கிளவுட் வியாபாரத்தில் லினக்ஸ் இல்லாமல் பிழைக்க முடியாது என்பது என் கணக்கு. பில் கேட்ஸே 1991-ல் எழுதிய ஒரு உள்குறிப்பில், இன்றைய யோசனைகள் பிறந்த காலத்தில் எல்லோரும் காப்புரிமை வாங்கியிருந்தால் இந்தத் தொழில் ஸ்தம்பித்திருக்கும் என்ற பொருளில் சொல்லியிருக்கிறார். அதே குறிப்பில் அவர் சொன்ன தீர்வு: நாமும் முடிந்தவரை வாங்கிக் குவிப்போம்.

இப்போது அந்த இரண்டாவது வரிக்கு வருகிறேன். திறமூலத்தில் நகல் இல்லையா? இருக்கிறது. லினக்ஸ் யூனிக்ஸைப் பார்த்து எழுதப்பட்டது. இலவச அலுவலக மென்பொருளான லிபர்ஆஃபிஸ் எதைப் பார்த்து எழுதப்பட்டது என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். ஆனால் 1993 ஏப்ரல் 30-ஆம் தேதி செர்ன் ஆய்வுக்கூடம் உலகளாவிய வலையின் (www) நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று கொடுத்தபோது அது எதன் நகல்? நிரலில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று கணக்கு வைக்கும் கிட் இன்னும் நல்ல உதாரணம். அதே வேலைக்கு லினக்ஸ்காரர்கள் இலவசமாகப் பயன்படுத்திவந்த ஒரு தனியுரிமை மென்பொருளின் கதவு 2005 ஏப்ரலில் சாத்தப்பட்டது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் சில நாட்களிலேயே கிட்டின் முதல் வடிவத்தை எழுதிவிட்டார். இன்று நிரல் எழுதும் யாரும் அது இல்லாமல் பொழுதைத் தொடங்குவதில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்பதைத் திறந்து பார்த்து நான் நிறையக் கற்றிருக்கிறேன். ரகசியத்தை ஊருக்குச் சொல்ல வைக்கும் வேலை காப்புரிமையினுடையது என்று மேலே சொன்னேன் அல்லவா? மென்பொருளில் அந்த வேலையைச் சம்பளமில்லாமல் செய்வது திறமூலம்தான்.

சம்பளமில்லாமல் என்பதுதான் அதன் உண்மையான வியாதியும். 2014-ல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, பாதி இணையத்தின் பூட்டாக இருந்த ஓபன்எஸ்எஸ்எல் என்ற திறமூல நிரலுக்கு வருடத்துக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர் என்று தெரிந்தது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற, கோப்பைச் சுருக்கும் சிறு திறமூல நிரலில் யாரோ கள்ளக்கதவு வைத்தார்கள். அதை ஏறக்குறைய ஒற்றை ஆளாகப் பராமரித்துக் களைத்துப்போனவரிடம் நல்லவர் போல ஒட்டிக்கொண்டு செய்த வேலை. சர்வருக்குள் நுழைய அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று ஒருவர் சந்தேகப்பட்டுத் தோண்டியதால் தப்பித்தோம். யார் மெனக்கெடுவார்கள் என்ற உங்கள் கேள்வி இங்கே சுடத்தான் செய்கிறது. ஆனால் அந்த மனிதர் ஒரு காப்புரிமை வாங்கி வைத்திருந்தால் மட்டும் வயிறு நிறைந்திருக்குமா? வழக்கு நடத்தக் காசுள்ளவனுக்குத்தான் காப்புரிமை ஆயுதம்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எம்பி3-ஐக் கண்டுபிடித்த ஜெர்மன் ஆய்வுக்கூடத்தினர், மனிதக் காது எதைக் கேட்கும், எதைத் தவறவிடும் என்பதை வருடக்கணக்கில் ஆராய்ந்தவர்கள். குட்டிப் பெயர் வைத்தவர்களையும் இவர்களையும் ஒரே தராசில் நிறுத்த மாட்டேன். இருபது வருடம் என்பது மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. கணினியில் அது மூன்று தலைமுறை. ஐந்தாறு வருடம் என்றால் வாயை மூடிக்கொண்டு கட்டணம் கட்டச் சொல்வேன்.

நம் நாட்டில் நிலைமை பரவாயில்லை. காப்புரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவில் 2002 திருத்தம் கொண்டுவந்த 'கே' உட்பிரிவு, கணினி நிரல் 'தன்னளவில்' காப்புரிமைக்கு உரியதல்ல என்கிறது. 2004 டிசம்பரில் ஒரு அவசரச் சட்டம் இதைத் தளர்த்தப் பார்த்தது. 2005-ல் நாடாளுமன்றம் அந்தத் தளர்வை ஏற்கவில்லை. ஆனாலும் 'தன்னளவில்' என்ற அந்த ஒற்றைச் சொல்லை வைத்து வக்கீல்கள் இன்னமும் வண்டி ஓட்டுகிறார்கள். வன்பொருளோடு சேர்ந்து ஏதோ தொழில்நுட்ப விளைவு உண்டு என்று காட்டி வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

என் எம்பி3 கதை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் கடைசிக் காப்புரிமைகளும் காலாவதியாகி, 2017 ஏப்ரலில் உரிமம் வழங்கும் திட்டத்தையே மூடினார்கள். அடுத்த மாதங்களில் லினக்ஸ் வெளியீடுகளில் எம்பி3 எந்தப் பயமும் இல்லாமல் சேர்ந்தது. ஆசையாகப் பரணில் தேடி அந்த சிடியை எடுத்தேன். கீறல் அதிகமில்லை. லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், சிடி போட இடமில்லை.