50 பாகை வெயிலில் ஓடிய கார் நம் கிணற்றுத் தண்ணீரில் கொதிப்பது ஏன்? – வாகனக் கேள்வி-பதில்

கே: கார்களைப் பனியில் கொண்டுபோய்ச் சோதிக்கிறார்களாமே, பனியே விழாத திருகோணமலைக்கு அதில் என்ன பயன்? (உவர்மலை)

நிறைய இருக்கிறது. சுவீடனில் ஆர்யெப்லொக் என்ற ஊரில் உறைந்த ஏரி மேல் ஓட்டிப் பார்ப்பார்கள். ஒரு பக்கச் சக்கரம் பனிக்கட்டியிலும் மறுபக்கம் காய்ந்த தாரிலும் இருக்கும்போது பிரேக்கை ஓங்கி மிதித்துப் பார்ப்பதும் உண்டு. நிலாவெளி வீதியில் முதல் மழைக்கு மணலும் எண்ணெயும் வழுக்கும்போது உங்களைக் காப்பாற்றுவது அங்கே பழக்கிய ஏபிஎஸ்தான், அதாவது பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் அமைப்பு.

கே: ஹபரணையிலிருந்து வந்து திறப்பை எடுத்த பிறகும் விசிறி ஓடுகிறது, பழுதா? (பாலையூற்று)

பல மொடல்களில் அது அப்படித்தான். எஞ்சின் நின்றதும் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஓட்டமும் எதிர்க்காற்றும் நின்றுவிடும், சூடு அதற்குப் பிறகுதான் ஒருமுறை ஏறும். அமெரிக்காவின் டெத் வலி (Death Valley) பாலைவனத்தில், கோடையில் 50 பாகையைத் தொடும் இடத்தில், மேடேறி வந்த வண்டியை அணைத்துவிட்டுப் பார்ப்பதும் இதைத்தான். விசிறிக்குப் பக்கத்தில் கை வைக்காதீர்கள், சூட்டோடு ரேடியேற்றர் மூடியைத் திறக்காதீர்கள்.

கே: என் கார் சூடாகிறது, என்ன செய்ய?

எந்தக் கார், எந்த ஆண்டு, ஓடும்போதா நிற்கும்போதா? ஒன்றும் எழுதாமல் கேட்டால் நான் எதைப் பார்த்துச் சொல்வது? விபரத்தோடு திரும்ப எழுதுங்கள்.

கே: நம் ஊரில் தண்ணீர் உறையாதே, கூலன்டுக்குப் பதில் கிணற்றுத் தண்ணீர் போதாதா? (அலஸ்தோட்டம்)

போதாது. இருபது வருடமாகச் சொல்கிறேன், இன்னும் வாளியோடுதான் வருகிறீர்கள். கூலன்ட் உறையாமல் இருப்பதற்கு மட்டும் என்று யார் சொன்னது? பாதிக்குப் பாதி கலந்தது, மூடியின் அழுத்தத்தோடு, 120 பாகையையும் தாண்டித்தான் கொதிக்கும். அதைவிடப் பெரிய விஷயம், அலுமினியத்தை அரிக்க விடாத மருந்து அதில் இருக்கிறது. கடற்கரைக் கிணற்றில் இருப்பதோ உப்பும் சுண்ணாம்பும். போன மாதம் உப்புவெளியில் ஒரு வேனைப் பிரித்தேன். ரேடியேற்றர் குழாய்க்குள் வெள்ளைப் படிவு, ஒரு ஊசிகூட நுழையவில்லை, தண்ணீர்ப் பம்பின் இதழ்கள் கறள் தின்று கட்டைவிரல் நகமளவுக்கு வந்துவிட்டன. கொம்பனிக்காரன் பாலைவனத்தில் ஓட்டிப் பார்த்தது கூலன்ட் நிரப்பிய வண்டியை. அதை வடித்துவிட்டுக் கிணற்றுத் தண்ணீர் விட்டால், அந்தச் சோதனை எதுவும் உங்கள் வண்டிக்குப் பொருந்தாது. வழியில் வேறு வழியில்லாமல் தண்ணீர்தான் விட வேண்டுமா, சரி, எஞ்சின் ஆறிய பிறகு விடுங்கள், வீடு வந்ததும் முழுவதையும் வடித்துக் கழுவிக் கூலன்ட் ஊற்றுங்கள். மறுபடி சொல்கிறேன், சூட்டோடு மூடியைத் திறக்காதீர்கள்.

கே: கச்சான் காற்று (வறண்ட வெப்பக் காற்று) வீசும் காலத்தில் மத்தியானம் ஏசி குளிர நேரம் எடுக்கிறது, காஸ் அடிக்கவா? (மூதூர்)

அவசரப்படாதீர்கள். வெயிலில் நின்ற வண்டியின் உள்ளே 60 பாகை வரும். கண்ணாடிகளை இறக்கி இரண்டு நிமிடம் ஓட்டி, அப்புறம் ஏற்றுங்கள். அப்படியும் குளிராவிட்டால் முதலில் கசிவைப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு காஸ்.

கே: தண்ணீர்த் தொட்டிக்குள் ஓட்டிச் சோதிக்கிறார்கள், அப்படியானால் வெள்ளத்தில் ஓட்டலாமா? (கிண்ணியா)

அவர்களுக்குத் தொட்டியின் ஆழம் தெரியும், உங்களுக்கு வெள்ளத்தின் ஆழம் தெரியாது. தண்ணீருக்குள் எஞ்சின் நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம், தள்ளிக்கொண்டு வாருங்கள்.