மேக்கு வரப்பு வேம்ப வெட்டிரலாமா?

கேள்வி: புளியங்குடி பக்கம் செம்மண்ணு, 5 வருசத்து எலுமிச்சை. மேக்கு வரப்புல பெரிய வேம்பு நாலு நிக்கி. ஆடி பொறந்ததுல இருந்து வேம்பை ஒட்டுன வரிசை மத்தியானம் ஆனா இலை சுருண்டுக்கிடுது, காயும் கோலிக்குண்டு அளவுலயே நின்னுபோச்சு. மருந்துக்கடைக்காரரு வேம்ப வெட்டிட்டு மரத்துக்கு மரம் தண்ணி பிடிச்சு வைக்குத ஜெல் போடுங்காரு. டிரிப்பு மூட்டுலதான் கெடக்கு, டெய்லி அரை மணி நேரம் விடுதேன். வெட்டிரலாமா?

பதில்: வெட்டாதீங்க அண்ணாச்சி. வேம்பு தண்ணிய இழுக்குங்கது நெசம்தான், ஆனா மேக்க நிக்கிற மரத்த சாச்சா அடுத்த ஆடிக்காத்து நேரா எலுமிச்சை மேல அடிக்கும், இப்ப ஒரு வரிசை சுருளுதது அப்ப தோட்டம் பூரா சுருளும்.

வேரு தண்ணிய மேல மட்டுந்தான் இழுக்கும்னு நெனச்சுக்கிட்டு இருக்கோம். பகல்ல இலை ஆவியா விட விட கீழ இருந்து ஏறும், ராத்திரி இலைத்துளை மூடுனதும் அந்த இழுப்பு நின்னுரும், அப்ப அடியில ஈரமும் மேல காய்ச்சலுமா இருந்தா வேர் வழியா ஏறுன தண்ணி மேல்மண்ணுல கசியும், மழை பேஞ்சு மேல மட்டும் நனைஞ்சிருந்தா அதே வேர் கீழயும் இறக்கும். 1987ல அமெரிக்காவுல வறண்ட பூமியில நிக்கிற ஒரு புதர்ச்செடியில இத அளந்தே காட்டுனாங்க. அதுக்காக வேம்பு ஊட்டிவிடும்னு நம்பிராதீங்க. தான்சானியாவுல வேல மரத்தடியில பாத்தப்ப மரம் தண்ணிய ஏத்தத்தான் செஞ்சுது, ஆனா மரத்து வேர வெட்டித் தடுத்த எடத்துலதான் புல்லு நல்லா வந்துச்சு. அதனால வரப்புக்கு உள்பக்கம் வேம்பு மூட்ட விட்டுத் தள்ளி மூணடி ஆழத்துக்கு ஒரு வாய்க்கா எடுங்க, பக்கவேரு அறுந்துரும், மரம் நிக்கும்.

நீங்க கேக்காதத சொல்லுதேன். டிரிப்ப மூட்டுல வச்சு யாருக்குத் தண்ணி? எலுமிச்சைக்கு உறிஞ்சுத வேரு பெரும்பாலும் மேல ரெண்டடிக்குள்ள, கொப்பு விரிஞ்ச எல்லை வரைக்கும் பரவிக்கெடக்கும். மூட்டுல ஈரம் நின்னா பிசின் நோயிதான் வரும். சொட்டுக்குழாய கொப்பு நெழல் முடியுத எடத்துக்குத் தள்ளி சுத்திப் போடுங்க, டெய்லி கொஞ்சம் கொஞ்சமா விடாம ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஆழமா நனையவிடுங்க.

அப்புறம் ரொட்டவேட்டர். களை இல்லாம சுத்தமா இருக்கணும்னு மரத்தடியில ஓட்டுதீங்களா? ஓட்டுனா அந்த உறிஞ்சுவேரத்தான் அறுக்கீங்க, அறுத்துட்டு மரம் தண்ணி குடிக்கலன்னு கடைக்கு ஓடுதோம். தயவுசெஞ்சு நிறுத்துங்க. வேப்பஞ்சருகு, காஞ்ச களை, தேங்கா மட்டை, பனையோலை எது கெடைச்சாலும் அரையடிக்கு மூடாக்கு போடுங்க, மூட்டுல மட்டும் ஒரு சாண் எடம் விடுங்க. ராத்திரி மேல வந்த ஈரத்த காலைல வெயிலும் காத்தும் கொண்டுபோகாம நிறுத்துதது இதுதான். சருகக் கூட்டி எரிக்கிறவங்கள பாத்தா எனக்கு வயிறு எரியுது அண்ணாச்சி.

ஜெல்லு தண்ணிய உண்டாக்காது, நீங்க ஊத்துனதத்தான் பிடிச்சு வைக்கும். வளந்த மரத்துக்கு அத வைக்கணும்னா வேரத் தோண்டணும். அத விக்கவருக்கு ஒங்க மண்ணப்பத்தி ஒண்ணுந் தெரியாது, பில்லு போடத் தெரியும். அந்தக் காசுக்கு ரெண்டு டிராக்டர் மட்டை எறக்குங்க.

ஐப்பசி மழைக்கு முன்னால வாய்க்காலையும் மூடாக்கையும் முடிச்சுருங்க. மூட்டுல பட்டை வெடிச்சுப் பிசின் வடியுதான்னு நாளைக்கே பாத்து ஒரு போட்டோ அனுப்புங்க, வடிஞ்சா வைத்தியம் வேற.