பித்தளைக் கற்களும் அலுமாரிக்குப் பின்னால் ஓர் அறையும்

தம்பி, பேர்லினுக்கு வந்து மூன்று மாதம், வீட்டு வாசல் நடைபாதையில் நாலு பித்தளைக் கற்கள் பதித்திருக்கிறது, நவம்பர் 9 அன்று அவற்றை மினுக்க வரச்சொல்லிக் கீழ்வீட்டு ஜேர்மன் அம்மா கேட்கிறார், பிறநாட்டுக்காரன் நான் போய் நிற்பது சரியோ என்று கேட்டிருந்தீர்கள். போங்கள். யோசிக்கவே வேண்டாம்.

அவை இடறுகற்கள். குன்டர் டெம்னிக் என்ற கலைஞர் தொடங்கிய வேலை. ஒரு ஆளுக்கு ஒரு கல். 'இங்கே வாழ்ந்தார்' என்று தொடங்கி, பெயர், பிறந்த ஆண்டு, ஹிட்லரின் நாஜிகள் கொண்டுபோன ஆண்டு. இன்று நீங்கள் ஏறி இறங்கும் அதே படியில் ஏறி இறங்கிய சனம். 1938 நவம்பர் 9 இரவுதான் நாஜிகள் யூதர்களின் தொழுகைக்கூடங்களை எரித்துக் கடைகளை உடைத்தார்கள். அதனால் அந்த நாள்.

'முகம் கொடுத்துக் கதைக்காத இந்தச் சனம் ஆபத்துக்கு உதவுமா' என்றும் எழுதியிருந்தீர்கள். அதற்குத்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். ஹாக்கெஷர் மார்க்டில் இறங்கி ரோசன்தாலர் வீதி 39ஆம் இலக்கத்துக்குப் போங்கள். உள்முற்றத்தில் பழைய படிக்கட்டு. மேலே, நாஜிக் காலத்தில் ஓட்டோ வைட் என்ற ஜேர்மன்காரர் நடத்திய தூரிகைப் பட்டறை. அவருக்கும் கண் சரியாகத் தெரியாது. வேலைக்கு வைத்திருந்தது பெரும்பாலும் பார்வையற்ற, காது கேளாத யூதர்களை. ராணுவத்துக்குத் தூரிகை செய்கிறோம் என்று சொல்லியும் கெஸ்டாப்போ என்ற நாஜி இரகசியப் பொலிஸ்காரருக்கு லஞ்சம் கொடுத்தும் முடிந்தவரை அவர்களைக் காத்தார். கடைசி அறைக்கு ஜன்னல் இல்லை. அதன் வாசலை ஓர் அலுமாரியால் மறைத்து, ஹோர்ன் என்ற குடும்பத்தை, தாய் தகப்பன் இரண்டு பிள்ளைகளை, 1943இல் மாதக்கணக்காக ஒளித்து வைத்திருந்தார். அந்த அறைக்குள் நின்று பாருங்கள். நாலு பேர் எப்படி இருந்திருப்பார்கள், பிள்ளைக்கு இருமல் வந்தால் என்ன செய்திருப்பார்கள் என்றுதான் எனக்கு ஓடியது. ஒக்டோபரில் காட்டிக்கொடுக்கப்பட்டு, நாலு பேருமே அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார்கள்.

வைட் தனியாக எதையும் செய்யவில்லை. ஒளிந்திருப்பவருக்குப் பங்கீட்டு அட்டை கிடையாது. யாரோ தன் பாணில் பாதியைக் கொடுக்க வேண்டும். ஹெட்விக் போர்ஷுட்ஸ் என்ற பெண் கள்ளச்சந்தையில் சாமான் வாங்கிக் கொடுத்ததோடு, தன் சின்ன வீட்டில் நாலு யூதப் பெண்களைத் தங்கவும் வைத்தார். பாலியல் தொழில் செய்தவர் என்பதால் போருக்குப் பிறகு நகர நிர்வாகம் அவருக்கு மரியாதை தர மறுத்துவிட்டது. அவர் இறந்து பல வருடம் கழித்து, 2012இல்தான் யூத இனப்படுகொலைக்கான இஸ்ரேலின் நினைவு நிறுவனமான யாட் வஷெம் அவரைக் கௌரவித்தது. இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வரும்.

பட்டறையில் வேலை செய்த அலிஸ் லிஃக்ட் என்ற பெண்ணை 1944இல் அவுஷ்விட்சுக்குக் கொண்டுபோகும்போது, ஓடும் ரயிலிலிருந்து வைட்டுக்கு ஒரு தபாலட்டை எழுதி எறிந்தார். அது வந்து சேர்ந்தது. தண்டவாளத்தோரம் கிடந்ததைக் குனிந்து எடுத்து யாரோ தபாலில் போட்டிருக்கிறார்கள். வைட் தூரிகை விற்கும் சாக்கில் அவுஷ்விட்ஸ் வரைக்கும் போனார். அலிஸ் பிழைத்தார். எடுத்துப் போட்ட அந்த ஆளின் பெயர் ஒருவருக்கும் தெரியாது.

எல்லாரும் அப்படி என்று சொல்ல வரவில்லை. பேர்லினில் ஏறக்குறைய 7,000 யூதர்கள் தலைமறைவானார்கள், தப்பியவர்கள் சுமார் 1,700 பேர்தான். பார்த்தும் பார்க்காமல் போனவர்களே அதிகம். ஆனாலும் உதவியவர்களும் இந்தத் தெருக்களில், இதே மாதிரி வணக்கம்கூடச் சொல்லாமல் போனவர்கள்தான். 83 ஆடியில், தமிழர்களைத் தேடித் தாக்கிய கலவரத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் எங்களை அறைக்குள் பூட்டி வைத்துவிட்டு, வாசலில் நின்று 'உள்ளே ஒருவரும் இல்லை' என்று சொன்ன சிங்கள அம்மாவும் அதுவரை எங்களோடு அதிகம் கதைத்ததில்லை. அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

சரி, போகும்போது மெல்லிய துணியும் பித்தளை மினுக்கும் பசையும் எடுத்துப் போங்கள். குத்துவிளக்கு மினுக்கிய கைக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, ஆனால் இரும்பு நார் வேண்டாம், எழுத்தில் கீறல் விழும். முழங்காலுக்குக் கீழே போட ஒரு பழைய துவாய். அந்த நாலு பேரும் யார் என்று கீழ்வீட்டு அம்மாவிடம் கேளுங்கள், அவர் தேடி வைத்திருப்பார். நவம்பரில் நாலரைக்கே இருட்டிவிடும். மெழுகுதிரியோடு நெருப்புப்பெட்டியையும் மறக்காதீர்கள்.