குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொன்னால் பிள்ளையைப் பிரித்துக் கொண்டுபோய்விடுவார்களா?

கேட்டவர் காரைக்குடிப் பக்கத்துக்காரர். அடுத்த வீட்டு நாலு வயதுப் பிள்ளை அடிக்கடி அடி வாங்குகிறது; அப்பா வெளியூர் வேலை, வார இறுதியில் வருவார்; வீட்டில் அப்பத்தாதான் துணை. சொன்னால் பிள்ளையை ஹோமில் போட்டுவிடுவார்களோ என்று தயங்குகிறார்.

தயங்காமல் சொல்லுங்கள். இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது. சொன்னபிறகு விசாரிக்க வருகிற குழந்தைப் பாதுகாப்புப் பணியாளர் "இவர் நல்ல அப்பாவா" என்று தீர்ப்புச் சொல்ல வருவதில்லை. இன்று ராத்திரி இந்த வீட்டில் பிள்ளை பத்திரமாக இருக்குமா, இருக்காது என்றால் தடுக்கக்கூடிய பெரியவர் யார் என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

முதலில் வயதைப் பார்ப்பார். சொல்லத் தெரியாத, ஓடத் தெரியாத பிள்ளைக்கு ஆபத்து அதிகம். அடுத்து காயம் இருக்கும் இடம். முட்டி, முழங்கை, நெற்றியில் இருந்தால் விளையாட்டில் விழுந்ததாக இருக்கலாம். காது, கழுத்து, வயிறு, முதுகில் ரத்தக்கட்டு என்றால் சந்தேகப்பட வேண்டும். இன்னும் தவழாத கைக்குழந்தை உடம்பில் சின்னக் கன்றல் இருந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். வெந்நீர்ப் புண்ணில் தெறித்த அடையாளமே இல்லாமல், காலுறை போட்டதுபோல் நேர்கோடு தெரிந்தால், காலை முக்கியிருக்கலாம். நிறத்தை வைத்து "இது மூன்று நாள் காயம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படிக் கணிக்க முடியாது. காயத்தைவிட அதற்குச் சொல்லும் காரணம்தான் பல நேரம் காட்டிக்கொடுக்கும்: ஆளுக்கு ஆள் மாறும், பிள்ளையின் வயதுக்குப் பொருந்தாது, அல்லது ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகப் போயிருப்பார்கள்.

பிள்ளையோடு தனியாகப் பேச வேண்டும். அடித்தவர் வீட்டு முகப்பில் உட்கார்ந்திருக்க, உள்முற்றமான வளவில் வைத்து விசாரித்தால் ஒன்றும் வராது. ஆள் போனபிறகு பிள்ளைக்கு இன்னும் அடிதான் விழும். "அப்பா அடிச்சாரா?" என்று கேட்கக் கூடாது. "என்ன நடந்துச்சு?" என்று கேட்டுவிட்டுப் பொறுமையாக இருக்க வேண்டும். பிள்ளை சொன்னதை அதன் வார்த்தையிலேயே எழுத வேண்டும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கவே கூடாது. பிறகு அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதார செவிலியர், பள்ளிக்கூடம் என்று விசாரிப்பார்கள். எடைப் பதிவும் வருகைப் பதிவேடும் அக்கம்பக்கத்துப் பேச்சைவிட நம்பகமானவை.

வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் இதற்குப் பிறகுதான். ஊர்ப் பெரியவர்களை வைத்து "இனி அடிக்க மாட்டேன்" என்று எழுதி வாங்கிக்கொண்டு கோப்பை மூடிவிடுவது நம் பக்கம் அடிக்கடி நடக்கிறது. அந்தக் காகிதம் பிள்ளைக்கு ஒரு காப்பும் இல்லை. அப்பத்தா "நான் பாத்துக்கிறேன்" என்பார். மகன் கையை அவரால் பிடிக்க முடியுமா என்று கேட்க வேண்டும். முடியாதென்றால், அப்பா வருகிற சனி, ஞாயிறு பிள்ளை எந்த வீட்டில் இருக்கும், யார் கூட்டிப்போவார், குடித்துவிட்டு வந்தால் யாருக்குப் போன் போடுவது என்று பேரோடு எழுதினால்தான் அது பாதுகாப்புத் திட்டம். பணியாளர் மறுபடி பார்க்கப் போவதும் அப்பா வீட்டில் இருக்கிற நாளாக இருக்க வேண்டும். வறுமைதான் காரணமென்றால் பிள்ளையைப் பிரிக்கக் கூடாது. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் தகுதியுள்ள குடும்பத்துக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு.

ஆபத்து உடனடியானது என்றால்தான் பிள்ளையை வெளியே எடுப்பார்கள். அப்போதும் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள், தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும்; பிள்ளை எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது அந்தக் குழுதான். குழு கூடாத நாளில் ஒரு உறுப்பினர் முன் நிறுத்தினாலும் போதும். குடும்ப நிலைமையை விசாரித்து எழுதும் சமூக விசாரணை அறிக்கையை 15 நாளுக்குள் முடிக்க வேண்டும். பாலியல் துன்புறுத்தல் என்று சந்தேகம் வந்தாலோ சொல்லலாமா வேண்டாமா என்ற யோசனைக்கே இடமில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும், மறைப்பது குற்றம்.

1098 இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் நாள், நேரத்தோடு சொல்லுங்கள். நம் ஊர் வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். குடும்பம் எந்தப் பக்கம் குடியிருக்கிறது என்று தெளிவாகச் சொல்லுங்கள். செட்டிநாடு சிவகங்கை, புதுக்கோட்டை என இரண்டு மாவட்டங்களில் கிடப்பதால் ஊரோடு மாவட்டத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிள்ளையின் படத்தை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள். இந்த நிமிடமே அடி விழுகிறது என்றால் அவசர உதவி எண் 112-க்குப் போன் போடுங்கள்.