உணவு வங்கிக்குக் கொடுக்கிறேன், கார்டு கடன் ஏறுகிறது: என்ன செய்வது?

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். இரண்டு பிள்ளைகள், சுமாரான வருமானம். அலுவலகத்தில் சிலர் சேர்ந்து, இல்லாதவர்களுக்கு உணவு சேர்த்துக் கொடுக்கும் உணவு வங்கிக்கு மாதாமாதம் பொருள் வாங்கிக் கொடுக்கிறோம். என் பங்கை கிரெடிட் கார்டில் வாங்கிவிட்டு, பில் வந்ததும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுகிறேன். ஒரு வருடத்தில் நிலுவை பெரிதாகிவிட்டது. கட்டிக்கொண்டே இருந்தும் கடன் ஏன் குறையவில்லை? கணவருக்குத் தெரியாது. பசித்தவர்களுக்குக் கொடுப்பதை நிறுத்த மனம் வரவில்லை. செலவில் 1% உணவு வங்கிக்குப் போகும் புதிய கார்டு ஒன்று வந்திருக்கிறதாம். அதற்கு மாறலாமா?

பதில்: மாற வேண்டாம். இப்போது கையில் இருக்கும் கார்டையும் உள்ளே வைத்துப் பூட்டுங்கள்.

நீங்கள் அனுப்பிய கணக்கை, மாத வருமானம் 100 என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன். வீட்டுச் செலவு 92. உணவு வங்கிக்கு வாங்கும் பொருள் 6, அது முழுக்க கார்டில். இன்றைய நிலுவை 60. வட்டி மாதம் 3%, அதாவது 1.8. குறைந்தபட்சத் தொகையாக நீங்கள் கட்டுவது 3. அதில் வட்டி போக அசலில் கழிவது வெறும் 1.2. அதே மாதம் புதிதாக 6 ஏறுகிறது. கட்டிக்கொண்டே இருந்தும் கடன் ஏன் குறையவில்லை என்று கேட்டிருந்தீர்களே, காரணம் இதுதான். இன்னொன்றும் உண்டு. பழைய நிலுவை இருக்கும்போது பெரும்பாலான கார்டுகளில் வட்டியில்லாத நாட்கள் கிடையாது. பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும்.

கொடுக்கும் மனதில் தவறில்லை. இல்லாத பணத்தில் கொடுப்பதுதான் தவறு. அந்த 1% கார்டையே பாருங்கள். நீங்கள் 6 செலவழித்தால் அவர்கள் தருவது 0.06. நிலுவையை இப்படியே வைத்திருந்தால் உங்களிடம் வாங்கும் வட்டி 1.8, முப்பது மடங்கு. கருணையைக் காட்டிக் கடனை விற்கிறார்கள். இந்த மாதிரி விளம்பரங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சரி, என்ன செய்யலாம்? வீட்டுச் செலவு போக 8 மிஞ்ச வேண்டும். கார்டுக்கு 3 போனால் மீதி 5 எங்கே போகிறது என்று உங்கள் கணக்கில் இல்லை. கடைசி வாரத்தில் கரைகிறது என்றுதான் நினைக்கிறேன். சம்பளம் வந்த அன்றே 7-ஐக் கார்டுக்குக் கட்டிவிடுங்கள். புதிதாக எதையும் அதில் வாங்காவிட்டால் சுமார் பத்து மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். குறைந்த வட்டியில் வேறு கடன் கிடைத்தால் அதை வாங்கி இதை அடைக்கலாம், ஆனால் கார்டை மறுபடி எடுக்க மாட்டேன் என்று உறுதியாக இருந்தால் மட்டும். இல்லையென்றால் இரண்டு கடன் ஆகிவிடும்.

மீதி இருக்கும் 1-ஐ உணவு வங்கிக்குக் கொடுங்கள். பொருளாக வேண்டாம், பணமாக. ஆறு கொடுத்த இடத்தில் ஒன்றா என்று கூசாதீர்கள். நீங்கள் சில்லறை விலையில் வாங்குகிறீர்கள், அவர்கள் மொத்த விலையில் வாங்குகிறார்கள். உற்பத்தியாளர்களிடமும் கடைகளிடமும் மிஞ்சும் நல்ல உணவு அவர்களுக்கு இலவசமாகவே வருவதும் உண்டு. அதற்கு ஆகும் செலவு வண்டி, குளிரூட்டிய கிடங்கு, தரம் பிரிக்கும் வேலை. இந்த ஏற்பாடே அப்படித்தான் பிறந்தது. ஜான் வான் ஹெங்கல் என்பவர் 1967-இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் முதல் உணவு வங்கியைத் தொடங்கியபோது, கடைகள் தூக்கி எறிந்த உணவைப் பயன்படுத்துவதுதான் யோசனை. பொருளாகக் கொடுத்தால் அங்கே என்ன குறைகிறதோ அது போய்ச் சேரும் என்ற உறுதியில்லை. ஒரே பொருள் குவிந்து கிடக்கும், தேவையானது இருக்காது. பணம் என்றால் குறைவதை அவர்களே வாங்கிக்கொள்வார்கள். அப்புறம், மாதத்தில் ஒரு நாள் போய்ப் பொருட்களைப் பிரித்து அடுக்கிக் கொடுங்கள். காலாவதித் தேதி பார்த்துப் பிரிக்க எப்போதும் ஆள் தேவைப்படும்.

ஒன்றுக்கு மேல் கொடுக்க ஆசையாக இருந்தால் உங்கள் சமையலறையில் தேடுங்கள். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் மதிப்பீட்டின்படி 2022-இல் உலகில் வீணான உணவு சுமார் 105 கோடி டன். அதில் 60% வீடுகளில் வீணானது. உங்கள் 92-இல் சாப்பாட்டுச் செலவு 30. அதில் பத்தில் ஒரு பங்கு கெட்டுப்போய் குப்பைக்குப் போவதாக வைத்துக்கொண்டால் 3 வருகிறது. அதில் பாதியை மிச்சம் பிடித்தாலும் அந்த 1.5 தாராளமாகக் கொடுக்கக்கூடிய பணம். ஆனால் மிச்சம் பிடித்த பிறகு கொடுங்கள். பிடித்துவிடலாம் என்று நம்பி முன்கூட்டியே கொடுக்காதீர்கள்.

அலுவலகத்தில் சொல்வதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். "இனிமேல் பொருளாக இல்லை, என்னால் முடிந்ததை நேரடியாகப் பணமாக அனுப்பிவிடுகிறேன்" என்றால் போதும். எவ்வளவு என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கணவரிடம் நிலுவைத் தொகையை முழுதாக, இந்த வாரமே சொல்லிவிடுங்கள். மாதம் 7 கட்டுவது இருவரும் சேர்ந்து செலவைப் பிடித்தால்தான் நடக்கும். அவருக்குத் தெரியாமல் பத்து மாதம் ஓட்ட முடியாது.

இடையில் யாருக்காவது வேலை போய் வீட்டில் சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு வந்தால், அதே உணவு வங்கியில் கேட்டு வாங்குங்கள். கார்டை எடுக்காதீர்கள். கொடுத்தவர் வாங்கக்கூடாது என்று எந்த விதியும் இல்லை.

கடன் தீர்ந்த மாதத்திலிருந்து அந்த 7 உங்கள் கையில் இருக்கும். 5-ஐ அவசரத் தேவைக்கென்று தனிக் கணக்கில் போடுங்கள், மூன்று மாத வீட்டுச் செலவு சேரும்வரை. மீதி 2-ஐ உணவு வங்கிக்குத் தரும் ஒன்றோடு சேர்த்து மூன்றாக்குங்கள். அதையும் வங்கிக் கணக்கிலிருந்தே அனுப்புங்கள்.