உப்பு உடைகிறது, செம்பு வளைகிறது – கடிதம்

ஐயா,

திடப்பொருளில் துகள்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது மின்கவர்ச்சிதான் என்று எழுதியிருந்தீர்கள். உப்புக்கல்லிலும் அதுதான், செம்புக் கம்பியிலும் அதுதான் என்றால், சுத்தியலால் தட்டும்போது ஒன்று நொறுங்குகிறது, இன்னொன்று தட்டையாகிறது, ஏன்? உப்பின் பிடி பலவீனமா? அப்படியானால் செம்பும் மடக்கி மடக்கி நிமிர்த்தினால் முறிகிறதே?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பிடி பலவீனம் இல்லை. உப்பு உருக 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும், ஆனாலும் தட்டினால் தகடாகிறது. பிடியை விடாமலே துகள்கள் இடம் மாற முடிகிறதா என்பதுதான் கேள்வி.

செம்பில் ஓர் அணுவைச் சுற்றி 12 அணுக்கள். வெளி எலக்ட்ரான்கள் எல்லா அணுக்களுக்கும் பொது. ஓர் அணு ஓரிடம் தள்ளிப் போனாலும் பக்கத்தில் இருப்பது இன்னொரு செம்பு அணுதான், பிடி விட்டுப்போவதில்லை. உப்பில் இருப்பவை அயனிகள், அதாவது மின்னூட்டம் ஏறிய அணுக்கள்: ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றியும் 6 குளோரைடு, ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் 6 சோடியம். அடுக்கு தவறான திசையில் நகர்ந்தால் ஒத்த மின்னூட்டங்கள் நெருங்கி, ஒன்றையொன்று தள்ளும்.

பாடப்புத்தகம் இதோடு நிறுத்திக்கொள்ளும். எனக்கு அது பாதி விளக்கம்தான். உப்பிலும் வழுக்கக்கூடிய திசைகள் உண்டு. கனசதுர முகத்தின் மூலைவிட்டத்தில் ஒரே வகை அயனிகள் வரிசையாக நிற்கின்றன. சரியான தளத்தில் அந்த வாக்கில் வழுக்கினால் ஒத்தவை முட்டிக்கொள்வதில்லை. ஆனால் ஒரு கட்டி எந்த வடிவத்துக்கும் வளைய, ஒன்றையொன்று சாராத ஐந்து வழுக்கு முறைகள் (எந்தத் தளத்தில், எந்தத் திசையில் என்ற சேர்க்கைகள்) தேவை. செம்பில் ஐந்தும் உண்டு, உப்பில் இரண்டே. மீதி வேலையை மேற்பரப்பு விரிசல்கள் முடித்துவிடும். உடைந்த துண்டை லென்ஸில் பாருங்கள்: முகங்கள் வழவழப்பாக, 90 டிகிரியில் சந்திக்கும். இயற்பியலாளர் அப்ரம் யோஃபே 1924இல் வெளியிட்ட சோதனைகளில், நீரில் வைத்த உப்புப் படிகம் உடையாமல் நன்றாகவே தாக்குப்பிடித்தது; மேற்பரப்பு கரையும்போது விரிசல்களும் கரைந்துவிடுகின்றன.

இனி உங்கள் கம்பி. ஓர் அடுக்கு முழுதும் ஒரே வீச்சில் வழுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று 1926இல் இயற்பியலாளர் ஃபிரெங்கெல் கணக்கிட்டார். மென்மையான உலோகப் படிகங்களோ அந்த விசையில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே வளைந்துவிடுகின்றன. 1934இல் டெய்லர், ஓரோவான், போலானி என்ற மூன்று ஆய்வாளர்களும் தனித்தனியே காரணம் சொன்னார்கள்: அடுக்கில் அரைகுறையாக நிற்கும் ஒரு வரிசை. அந்தப் பிசகு மட்டும் வரிசை வரிசையாக நகர்கிறது. ஒரு நேரத்தில் சில பிணைப்புகள்தான் விட்டுச் சேர்கின்றன. இதுவே டிஸ்லொகேஷன்.

மடக்க மடக்கப் பிசகுகள் பெருகி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். கை அதை உணரும்: முதல் மடக்கு இளக்கமாக இருக்கும், போகப்போக முரண்டு பிடிக்கும். கடைசியில் வழுக்க வழியில்லாத இடத்தில் விரிசல் விழும். அதற்கு முன்பே, உறை நீக்கிய 2 மில்லிமீட்டர் கம்பியை மங்கிய சிவப்பு வரும்வரை சுட்டு, நீரில் தோய்த்துப் பாருங்கள், மீண்டும் இளகிவிடும். எஃகுபோல நீரில் போட்டால் செம்பு இறுகாது. ரொம்பச் சுட்டாலோ உள்ளே படிகங்கள் பெருத்து, வளைவில் ஆரஞ்சுத் தோல்போலச் சொரசொரப்பு வரும். விரிசல் ஏற்கெனவே விழுந்திருந்தால் சுட்டும் பயனில்லை. அந்த இடத்தை வெட்டி எறியுங்கள்.